ஒரே அளவில் இரண்டு தாள்கள்

இரண்டு தாள்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று அடிக்கோலை வைத்து என் வீட்டுக்காரரே கிழித்துக் கொடுத்துவிட்டார். இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குலம். கணக்கு வாத்தியாரின் கை நடுங்கினாலும் ஓரம் கோணவில்லை. "ஒண்ணு பெருசா இருந்தா கை கண்டுபிடிச்சிரும், பியூலா" என்றார். கண்ணை மூடினாலும் கைக்கு ஒரு கண் உண்டு என்பது அவர் எண்ணம். கர்த்தருடைய சித்தம் கேட்கும்போது அந்தக் கண்ணையும் கட்டிவிட வேண்டும். ஒன்றில் 'செய்யலாம்', இன்னொன்றில் 'வேண்டாம்'. இரண்டே வார்த்தை. அதை எழுதத்தான் பேனாவோடு சமையலறை மேசைக்கு வந்திருக்கிறேன். மணி ஒன்பதே முக்கால். பன்னிரண்டுக்குள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வியாழக்கிழமை இடம் வேறு யாருக்காவது போய்விடும். அவருடைய இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. திருநெல்வேலி டாக்டர், மதுரை டாக்டர், மகள் ஹெப்சி கைபேசியில் பேச வைத்த பெங்களூர் டாக்டர், மூன்று பேரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை. இந்த வீட்டிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு குறைந்து. செய்து பிழைத்தால் இன்னும் எட்டு, பத்து வருஷம் நடமாடலாம். ஆனால் எழுபத்தேழு வயதில், சிறுநீரகம் இருக்கிற நிலையில், மேசையிலேயே போய்விடவும் பாதிக்குப் பாதி இடமுண்டு. "நீங்கதான் சார் முடிவு பண்ணணும்" என்று மதுரை டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். அவர் பேனாவை மூடிய சத்தம் இன்னும் கேட்கிறது. வெளியே வராந்தாவில் நாற்காலி பார்த்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு இவர் சொன்னார்: "மூணு டாக்டரும் நம்மகிட்ட விட்டுட்டாங்க. நாம யார்கிட்ட விடணுமோ அவர்கிட்ட விட்டுருவோம். சீட்டுப் போடுவோம்." எனக்கு அப்போதே கால் பெருவிரல் குளிர்ந்தது.

சீட்டுப் போடுவது எங்கள் குடும்பங்களில் புதிதில்லை. கல்யாணம், வேலை மாற்றம், வீடு வாங்குவது, எதற்கும் முதலில் உபவாசம், பிறகு எழுதி மடித்த இரண்டு சீட்டு, வேதாகமத்துக்குள் வைத்து ஜெபம், ஒன்றை எடுப்பது. எடுத்தது எதுவோ அது பதில்; மறுபடி போடக் கூடாது. கல்லூரியில் என்னோடு படித்த மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன், விடுதிக்குத் திரும்பி எந்தப் பரீட்சைக்கு எந்தப் பாடம் படிப்பது என்று ரகசியமாகச் சீட்டுப் போட்டும் இருக்கிறேன். நேற்று ராத்திரியிலிருந்து அவர் சாப்பிடவில்லை. காலையில் மாத்திரையை மட்டும் வெந்நீரில் விழுங்கிவிட்டு, "மாத்திரை சாப்பாட்டுல சேராது, ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். இப்போது கூடத்தில் பிரம்பு நாற்காலியில் இருக்கிறார். மூச்சு இங்கே கேட்கிறது. உள்ளே இழுப்பது ஒரு சத்தம், வெளியே விடுவது ஒரு சத்தம், நடுவில் எண்ணிப் பார்த்தால் ஒன்று, இரண்டு என்று ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் நான் மூன்று மாதமாகக் குடியிருக்கிறேன். பேனா மூடியைக் கழற்றினேன். நல்ல கையெழுத்து என்று என்னிடம் கொடுக்கிறார். அன்றைக்கும் அப்படித்தான். "உன் கையெழுத்துதான் முத்து மாதிரி இருக்கும், நீ எழுது" என்றார், எண்பத்துமூன்று மே மாதம், வெயிலில் ஓட்டுக் கூரை வெடிக்கிற மாதிரி ஒரு மத்தியானம்.

நினைக்கக் கூடாது. முதலில் எழுது. 'செய்யலாம்'. 'செ' போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். மை உலர்கிறது. அந்த வருஷம் சபையின் கூடாரக் கூட்டத்தில் வடக்கே மிஷனரி ஊழியத்துக்கு யார் போவீர்கள் என்று கேட்டபோது அவர் கை தூக்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் கையை நான் பார்த்தேன். முழங்கையில் தைத்திருந்த கிழிசல் எனக்குத் தெரிந்தது, நான் தைத்தது. பீகார் மலைப்பக்கம், பஸ் போகாத இடம், மலேரியா, ஆஸ்பத்திரிக்கு ஒரு பகல் நடை. நான் அப்போது ஐந்து மாதம். அதற்கு முந்தின பிள்ளை ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போன நர்ஸின் முதுகை மட்டும்தான் பார்த்தேன். நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. ஊழியத்துக்குத் தடை சொன்ன பெண்ணாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை. என் மாமியார், சபை, பெண்கள் ஐக்கிய சங்கம், எல்லாருடைய கண்களும் அந்தத் தைரியத்தை எடுத்துக்கொண்டன. அவர்தான் சொன்னார், சீட்டுப் போடுவோம், கர்த்தர் போகச் சொன்னால் போவோம் என்று. எழுத என்னிடம் கொடுத்தார். நான் ஒரு தாளில் 'போக வேண்டாம்' என்று எழுதினேன். அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் 'போக வேண்டாம்' என்று எழுதினேன். கை தவறிப் போகவில்லை, மயக்கம் வரவில்லை. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிதானமாக, வரி நேராக எழுதினேன். மடித்தேன். அவர் முழந்தாளில் நின்று அழுது ஜெபம் பண்ணி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். "சரி" என்றார். பிறகு "ஸ்தோத்திரம்" என்றார். குளிக்க வெந்நீர் போட வேண்டும் என்று நான் மற்றதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அடுப்பில் போட்டேன். மடித்த தாள் உடனே எரியாது, அது யாருக்கும் தெரியாது. சூட்டில் முதலில் மெல்ல விரிகிறது. விரிந்து, எழுத்தை ஒரு தரம் முழுசாகக் காட்டிவிட்டுத்தான் கருகுகிறது.

"டீச்சரம்மா!" ஜன்னலில் மீன்காரி மரிய செல்வம். தலையில் மீன் சருவம், தோளில் ஈரத் துண்டு. "நெத்திலி கெடக்கு, துடிக்கி. பாக்கியளா?"

"இன்னைக்கு வேண்டாம் செல்வம். சார் உபவாசம்."

"உபவாசமா? ஏற்கனவே ஈர்க்குச்சி மாதிரி இருக்காவ, இதுல உபவாசம் வேறயா? ஆண்டவரு என்ன, பட்டினி கெடந்தாத்தான் காது குடுப்பாரோ?"

"மெதுவாப் பேசு, கேட்டுரும்."

"கேக்கட்டும். சாரு என் மவனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவுக, என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாவ." குரலைக் கூடத்துப் பக்கம் திருப்பி, "சாரே, ஆப்பரேசன் எப்பம்?"

உள்ளிருந்து பதில் வந்தது, வார்த்தைக்கு ஒரு மூச்சாக: "இன்னும்... தெரியல... செல்வம். மேல... கேட்டிருக்கோம்."

"மேல கேட்டாச்சுன்னா பெறவு என்ன" என்று அவள் என்னைப் பார்த்தாள். மேசையில் இருந்த இரண்டு தாள்களையும் பார்த்தாள். என்னவென்று அவளுக்குத் தெரியும், அவர்கள் மாதா கோயிலில் வேறு மாதிரி, ஆனால் தெரியும். "நல்லதா எழுதுங்க, டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுச் சருவத்தைத் தூக்கிக்கொண்டாள். நல்லதா எழுதுங்க. அவளுக்கு எவ்வளவு எளிது. நல்லது எது என்று தெரிந்திருந்தால் நான் நேற்றே எழுதியிருப்பேன், இரண்டிலும் எழுதியிருப்பேன், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். அதுதான் இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எண்பத்துமூன்றில் எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குத் தெரியவில்லை. இரண்டு தாளிலும் 'வேண்டாம்' என்று எழுதினால் ஒரு வருஷம் நிச்சயம், ஆனால் அந்த ஒரு வருஷம் எப்படி முடியும் என்று நான் என் அக்கா வீட்டுக்காரரிடம் பார்த்திருக்கிறேன். கடைசி மாதம் உட்கார்ந்தே தூங்கினார், படுத்தால் மூழ்குகிற மாதிரி எழுந்துவிடுவார். இரண்டிலும் 'செய்யலாம்' என்று எழுதினால் வியாழக்கிழமை அந்தக் கதவுக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போவார்கள், அவர் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பார்கள். அந்தக் கடிகாரத்தோடு நான் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். பொய் எழுதவும் ஒரு விருப்பம் வேண்டும். என்னிடம் இப்போது பயம்தான் இருக்கிறது, அது இரண்டு பக்கமும் பார்க்கிறது.

தண்டனை வரும் என்று முதல் சில வருஷம் காத்திருந்தேன். ஹெப்சி பிறந்தபோது விரல்களை எண்ணினேன், கைவிரல் பத்து, கால்விரல் பத்து, மறுபடியும் எண்ணினேன். அவளுக்கு ஜுரம் வந்த ஒவ்வொரு தரமும் இதோ என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் வளர்ந்தாள், படித்தாள், பெங்களூரில் இருக்கிறாள். இவர் தலைமையாசிரியரானார், ஓய்வு பெற்றார். வீட்டில் சண்டை இல்லை, பசி இல்லை. கர்த்தர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். நானே எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன்: அவருக்கு இவர் போக வேண்டும் என்றிருந்தால் என் எழுத்தையே அழித்திருக்க மாட்டாரா, அந்தத் தாளை வெறுமையாக்க அவருக்கு எவ்வளவு நேரம்? ஆகவே அதுவும் அவருடைய சித்தம்தான். இந்தச் சமாதானம் பகலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிற்காது. ஏனென்றால் சில ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனை முடிந்து சாட்சி சொல்ல அழைக்கும்போது, இவர் எழுந்து போய் அந்தச் சீட்டின் கதையைச் சொல்வார். 'நான் போக ஆசைப்பட்டேன், என் ஆண்டவர் போக வேண்டாம் என்றார், அவருக்கே முதலிடம், என் ஆசைக்கு அல்ல.' எல்லாரும் ஆமென் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஒரு தடவை அதைக் கேட்டுவிட்டு ஒரு பையன் தன் கல்யாணத்துக்குச் சீட்டுப் போட்டான். அந்தக் கல்யாணம் நன்றாகத்தான் இருக்கிறது, மூன்று பிள்ளைகள். அதற்கும் நான் என்ன செய்ய.

தாசையா வந்துபோன நாளை மட்டும் என்னால் சமாளிக்க முடிந்ததில்லை. இவர் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனவர் தாசையா, நாசரேத் பக்கத்துக்காரர். முப்பத்திரண்டு வருஷம் அந்த மலையில் இருந்துவிட்டு, மலேரியா வந்தும் சாகாமல், பல் மட்டும் போய், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அந்த ஜனங்களுடைய பாஷையில் ஒரு பாட்டுப் பாடிக் காட்டினார், தாளத்துக்கு எங்கள் சாப்பாட்டு மேசையைத் தட்டினார். ரசத்தில் வளையம் வளையமாக அலை எழுந்தது. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். பொறாமை இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது இல்லை. மிட்டாய்க் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற பிள்ளையின் முகம் அது. உள்ளே போகக் கூடாது என்று சொன்னவர்மேல் கோபம்கூட இல்லாத பிள்ளை. "அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் தாசையா?" என்று கேட்டார். அவர் சொன்னார். "இன்னொரு தடவ பாடுங்க" என்றார். தாசையா போனபிறகு, மேசையில் அவர் தட்டிய இடத்தில் இவர் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் தட்டுகளைக் கழுவினேன்.

கைபேசி அதிர்ந்தது. ஹெப்சி. கதவை லேசாகச் சாத்திவிட்டு எடுத்தேன். "அம்மா, என்ன முடிவு பண்ணீங்க?"

"பண்ணிட்டிருக்கோம்."

"பண்ணிட்டிருக்கோம்னா? அப்பா மறுபடியும் சீட்டுதானா? சொல்லும்மா."

"ஆமா."

"அம்மா, இங்க ஆபீஸ்ல இன்னைக்கு வேலைய விட்டுத் தூக்குற லிஸ்ட்ல யாரு பேரு இருக்கும்னு எல்லாரும் உயிரைக் கையில பிடிச்சிட்டு உட்காந்திருக்கோம். நான் அதுக்குச் சீட்டா போட முடியும்? கம்ப்யூட்டர்ல ஒரு மெயில் வரும், முடிஞ்சது. உங்களுக்காவது தேர்ந்தெடுக்க ஒண்ணு இருக்கு. நீங்களாத் தேர்ந்தெடுங்க."

"நாங்களாத் தேர்ந்தெடுக்க முடியாமத்தானடி கேக்கோம்."

அவள் குரல் சின்னதாகிவிட்டது. "அப்பா பயப்படுறாங்களாம்மா?"

"இல்ல. அவர் பயப்படல."

"எப்படி?"

எப்படி என்று எனக்குத் தெரியும், அவளிடம் சொல்ல முடியாது. இன்று காலை ஆறு மணிக்கு, தலையணையில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார்: "எனக்குப் பயமில்ல பியூலா. அன்னைக்கு அவ்வளவு தெளிவாப் பேசினவர் இன்னைக்கும் பேசுவார்." அன்றைக்குப் பேசினது நான். அவருடைய தைரியம் முழுவதும் என் கையெழுத்தின்மேல் நிற்கிறது. "அப்புறம் பேசுதேன், நீ ஜெபம் பண்ணிக்கோ" என்று ஹெப்சியிடம் சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தேன். சுவரில் சாய்ந்து நின்றேன். மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது வால்வைப் பற்றி என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி இது: அவர் அந்தக் கதவுக்குள் போகும்போது எதைப் பிடித்துக்கொண்டு போவார். சொல்லிவிட்டால் அவர் பிடித்திருக்கிற கம்பை நானே பிடுங்கிவிட்டு அனுப்புகிறேன். சொல்லாவிட்டால் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு போகிறார், ஒருவேளை திரும்பாமல். திரும்பாமல் போனால் அங்கே போய்க் கேட்பாரே, முதல் கேள்வியாக அதையே கேட்பாரே, ஏன் என்னைப் போக வேண்டாம் என்றீர் ஆண்டவரே என்று. கர்த்தர், 'நான் சொல்லவில்லையே' என்பார். அங்கே வைத்து, நான் இல்லாத இடத்தில், இவருக்குத் தெரிய வரும். எல்லாவற்றிலும் இதைத்தான் என்னால் தாங்க முடியாது. இது என்ன குழந்தைத்தனமான நினைப்பு. வரலாறு சொல்லிக் கொடுத்தவள், எழுபத்தொரு வயது, மோட்சத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வதை நினைத்துச் சமையலறையில் நடுங்குகிறேன்.

கர்த்தருக்கு முதலிடம் என்று எத்தனை வருஷம் வாயால் சொல்லியிருக்கிறேன். காலையில் காப்பிக்கு முன்னால் ஜெபம், சம்பளத்தில் முதல் பங்கு, முருங்கையில் முதல் காய், எல்லாம் கொடுத்தாயிற்று. இவரைக் கொடுக்கவில்லை. இவர்தான் முதலில் இருந்தார். இரண்டாம் இடத்தில் கர்த்தரை உட்கார வைத்தேன், அவரும் கோபித்துக்கொள்ளாமல் நாற்பத்தொரு வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதை இப்போதுதான் நினைக்கிறேன். தண்டிக்கவில்லையே தண்டிக்கவில்லையே என்று அவரைக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தவள், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நம்புவது என்றால் மனசு அமைதியாக இருப்பது என்று நினைத்திருந்தேன்; எனக்கு அந்த அமைதி வந்ததில்லை, ஆகவே எனக்கு விசுவாசம் கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன். அமைதி இல்லாமலும் செய்யலாம் போலிருக்கிறது. ஒரு தாளில் ஒன்று, அடுத்த தாளில் வேறொன்று எழுதினால் போதும். அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள் என்னிடம். அன்றைக்கும் அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

"பியூலா." கூடத்திலிருந்து. "ரெண்டு வார்த்தைக்கு... இவ்வளவு நேரமா? கட்டுரையா... எழுதுத?"

"வாரேன்."

'செ'க்குப் பக்கத்தில் மீதியை எழுதினேன். முதல் எழுத்தின் மை காய்ந்து கொஞ்சம் கறுத்திருந்தது, மற்றவை பளபளவென்று இருந்தன. 'செய்யலாம்'. அடுத்த தாளை இழுத்தேன். 'வேண்டாம்'. இந்த வார்த்தையை என் கை அறியும், தானாக எழுதியது. ஊதி உலர்த்தினேன். நான்காக மடித்தேன், இரண்டையும் ஒரே மாதிரி, நகத்தால் அழுத்தி. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் எடையே இல்லை.

கூடத்தில் அவர் வேதாகமத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி மார்பில் தொங்கியது. நான் எதிரில் மோடாவில் உட்கார்ந்தேன். கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"குடு. பதினொண்ணே கால் ஆயிட்டு."

"ஒண்ணு சொல்லணும்."

"ஜெபம் முடிஞ்சு சொல்லு."

"இல்ல, இப்பவே சொல்லணும். எண்பத்திமூணுல நான் எழுதுனது ரெண்டும் ஒண்ணுதான்."

"என்னது ஒண்ணு?"

"ரெண்டு சீட்டுலயும் போக வேண்டாம்னுதான் எழுதினேன்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை, வகுப்பில் ஒரு பையன் தப்பான விடையைச் சொன்னால் எங்கே தவறினான் என்று பின்னோக்கிப் போவாரே, அப்படிப் போய்க்கொண்டிருந்தார். எவ்வளவு தூரம் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்து சேர்ந்தார்.

"கர்த்தர் சொல்லல."

"அவர்கிட்ட நான் கேக்க விடல. வயித்துல பிள்ள. பயந்துட்டேன்."

மூச்சு வேகமாக இழுத்தது. ஐயோ, இதைத் தாங்காதே அந்த வால்வு, நான் என்ன செய்துவிட்டேன் என்று எழுந்தேன். கையை உயர்த்தி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மூச்சு கொஞ்சம் இறங்கியது.

"சபையில வச்சு... எத்தன தடவ சாட்சி சொல்லியிருக்கேன்."

"ஒம்பது தடவ."

"எண்ணிட்டு இருந்தியாக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "தாசையாகிட்ட நான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அந்த இடத்தில்தான் அவருடைய வாய் கோணியது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் பல மாதிரி வாக்கியம் செய்து வைத்திருந்தேன், நல்ல வாக்கியங்கள். ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று தரம் சத்தம் போட்டது.

"சீட்டக் குடு" என்றார்.

கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒன்றைப் பிரித்தார். வாசித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மற்றதைப் பிரித்தார், அதையும் வாசித்தார், அதையும் திருப்பிப் பார்த்தார். ஐம்பது வருஷத்தில் நான் கொடுத்த எதையும் அவர் பிரித்துச் சரிபார்த்ததில்லை. எனக்குக் காது சுட்டது. ஆனால் எங்கேயோ உள்ளே ஒரு இடத்தில், நெடுநாள் கட்டியிருந்த துணியை அவிழ்த்த மாதிரி காற்றுப் பட்டது. நான் போட்ட மடிப்பிலேயே திருப்பி மடித்தார், என்னைவிடச் சுத்தமாக. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சீட்டுகளை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக் குலுக்கி, திறந்திருந்த பக்கங்களுக்கு நடுவில் போட்டு மூடினார். அவருடைய ஜெபம் எப்போதும் நீளம். ஊழியக்காரர்கள், மாணவர்கள், அரசாங்கம், அண்டை வீட்டார், எல்லாரும் வருவார்கள். இன்றைக்கு மூச்சுக்காகவோ, வேறு எதற்காகவோ, சின்னதாகப் பண்ணினார்.

"ஆண்டவரே, இந்தத் தடவ... ரெண்டும் வேற வேறதான். நான் பாத்துட்டேன். அன்னைக்கு நீர் பேசலன்னு... இப்பத்தான் தெரியுது. பேசாதவரைத்தான்... இவ்வளவு நாள் நம்பியிருக்கேன் போல. இன்னும் நம்புதேன். சொல்லும். ஆமென்."

என் ஆமென் பிந்தித்தான் வந்தது.

கண்ணை மூடிக்கொண்டே பக்கங்களுக்குள் விரலை விட்டு ஒன்றை எடுத்தார். பிரிக்கவில்லை. என் பக்கம் நீட்டினார். "வாசி."

வாங்கினேன். கண்ணாடி மேசையில் இருந்தது, அவர் அதற்குக் கை நீட்டவில்லை. அது இல்லாமல் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எனக்கும் அவருக்கும் நடுவில் அந்தத் தாளைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிரித்தேன். முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருந்தது.

"செய்யலாம்" என்று வாசித்தேன்.

தலையை ஆட்டினார். மற்ற சீட்டை எடுத்துப் பார்க்கவில்லை. வேதாகமத்தை மூடியபடியே மடியிலிருந்து தூக்க முயன்றார், கனத்தது, நான் வாங்கி வைத்தேன். இத்தனை நாள் இரண்டு பக்கமும் பார்த்த பயம் இப்போது ஒரே பக்கம் திரும்பி, வியாழக்கிழமையை நேராகப் பார்த்தது. அது குறையவில்லை. முழுசாகத்தான் இருக்கிறது. அதோடேயே எழுந்து கைபேசியை எடுத்து வந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடு" என்றார்.

"என்ன சொல்லட்டும்?"

நாற்காலியில் தலையைச் சாய்த்து, என்னைப் பார்க்காமல், "உள்ளதச் சொல்லு" என்றார்.

அது குத்தலா வேறேதுமா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. நான் எண்ணை அழுத்தினேன்.